ஜெபசிங்கின் பேனலும் சகலையின் உப்பு மெஷினும்

இலத்தூர் ஜெபசிங்குக்குச் சண்டை போட ஆள் கிடைக்காத நாள் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. காலையில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற தண்ணீரைப் பற்றி ஆரம்பிப்பார். பிறகு மின்வாரிய லைன்மேனோடு, அதற்குப் பிறகு மோட்டார் கடைக்காரரோடு, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் குழம்பில் புளி தூக்கலாகிப் போனதற்காக மனைவி ரூபியோடு. சாயங்காலம் வேதக்கோயிலுக்குப் போனால் ஃபேன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று போதகர் ஐயரோடு. ஆனாலும் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் மோட்டாருக்கும் பேனலுக்கும் ஜெபசிங்கை விட்டால் ஆளில்லை என்றுதான் சொல்வார்கள். காதைப் பொத்திக்கொண்டு வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

வேலை என்று வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். எர்த்துக்குக் குழி வெட்டும்போது மேலே நின்று எட்டிப் பார்ப்பார். ஆழம் போதவில்லை என்றால் வெட்டுகிறவரை ஏறச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்குவார். கரண்டு கசிந்தால் சட்டென்று விழுகிற சேஃப்டி சுவிட்ச் இல்லாமல் தண்ணீர் பக்கத்தில் ஒரு பல்பு கூட மாட்ட மாட்டார். அதற்குச் செலவு எதற்கு என்று முனகிய ஒரு லாட்ஜ்காரரைப் பார்த்து, "அப்பம் பொணத்துக்குப் பெட்டி செய்யுத ஆளைக் கூப்பிடும். அவன்தான் உமக்குத் தோதுப்படுவான்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் அந்த லாட்ஜ்காரரே வீடு தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார்.

இவ்வளவு சண்டையும் பொழுது சாயும்போது மறந்து போகும். மறக்காத சண்டை ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் சத்தமே போட்டதில்லை. அது சகலை ஜெனோவோடு.

ஜெனோ, ரூபியின் தங்கை பெர்சிஸைக் கட்டினவன். மஸ்கட்டில் பெரிய ஓட்டல்களின் நீச்சல் குளங்களைப் பராமரிக்கிற கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு, தென்காசியில் அதே தொழிலைச் சொந்தமாக ஆரம்பித்திருந்தான். வாய்க்கொழுப்பு உண்டு, ஆனால் கெட்டவன் இல்லை. கல்யாணமான புதிதில் அண்ணன், அண்ணன் என்று ஜெபசிங்கின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சுற்றியவன்தான்.

கெடுத்தது அசனம். கோயில் பண்டிகையின் கடைசி நாளில் சபையே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அந்த வருஷம் பந்தலுக்கு லைட்டு, மைக், மசாலா அரைக்கிற கிரைண்டருக்கு லைன் எல்லாம் ஜெபசிங் தன் காணிக்கையாகப் போட்டுக் கொடுத்திருந்தார். பந்தி உட்கார்ந்து, ஐயர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் மைக் செத்தது. லைட்டும் போய்விட்டது. இருட்டில் குழம்பு வாளியோடு நின்ற ஜெனோ சும்மா இருந்திருக்கலாம். "எங்க அண்ணன் போட்ட லைன்லா? ஐயர் ஆமென் சொல்லுத வரைக்குங் கூட அதுக்கு விசுவாசம் பத்தலை" என்றான்.

பந்தி முழுக்கச் சிரித்தது. ஐயரே சிரித்தார். பெண்கள் பக்கத்தில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ரூபியும் சிரித்ததை, யாரோ அடித்த டார்ச் வெளிச்சத்தில் ஜெபசிங் பார்த்தார்.

உண்மையில் நடந்தது வேறு. கிரைண்டரின் உடம்பில் கரண்டு கசிந்திருக்கிறது. பக்கத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு ஒரு பெண் தேங்காய் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபசிங் மாட்டியிருந்த சுவிட்ச் அந்த நொடியில் விழுந்ததால்தான் அவள் அன்று உயிரோடு வீட்டுக்குப் போனாள். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதே பந்தி அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். ஜெபசிங் சொல்லவில்லை. கிரைண்டரைக் கழற்றிவிட்டு லைனைப் போட்டுக் கொடுத்தார், வண்டியை எடுத்தார், அசனம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். ஜென்மப் பகையாளிகள் கூட எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்து அது.

அன்றிலிருந்து சகலைமார் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆனால் பேசாமல் இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அக்காவும் தங்கையும் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் மாற்றிக்கொள்ளத்தான் செய்தார்கள். அவர்களுக்காக ஆண்கள் ஒரே வீட்டில், ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் ஜாடைப் பேச்சுதான். ஆள் எதிரில் இருப்பான், பேச்சு வேறு ஒருவரிடம் போகும். "அங்கன உக்காந்திருக்கவுக காலை மடக்குனா நடக்கவுக நடப்பாக" என்று ஜெபசிங் தூணைப் பார்த்துச் சொல்வார். "வழி பாத்து நடக்கவுகளுக்கு இடம் தாராளமாத்தான் இருக்கு" என்று ஜெனோ பெர்சிஸிடம் சொல்வான். இதில் இரண்டு பேருக்கும் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதற்காகவே அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர்களை என்ன சொல்வது, அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

அப்படியே ஓடியிருக்கும். அதற்குள் கல்யாணராமன் என்று ஒருவர் ஐந்தருவி போகிற ரோட்டில் ரிசார்ட் கட்டினார். பூர்வீகம் செங்கோட்டைப் பக்கம், இருப்பது சென்னையில். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் குளிக்கத்தான் வருகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் சீசன் உச்சத்தில்தான் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள். அன்றைக்கு அறைக்குள் அடைந்து கிடக்கிறவர்களுக்காக ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்றார். அதுவும் உப்புநீர்க் குளம், கண் எரியாது, வாடை அடிக்காது. தன் அண்ணன் மகள் ப்ரீதாவை மானேஜராக உட்கார வைத்து, மோட்டாருக்கும் பேனலுக்கும் ஜெபசிங்கையும், உப்பு மெஷினுக்கு ஜெனோவையும் அமர்த்திவிட்டு ரயிலேறிவிட்டார். இரண்டு பேரும் யார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மெஷினில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. குளத்துத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு கரைத்திருக்கும். குளத்துக்குத் திரும்பிப் போகிற குழாயில், கண்ணாடி போலத் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் தகடுகள் இருக்கும். அவற்றில் கரண்டு பாய்ந்தால் உப்புத் தண்ணீரிலிருந்தே குளோரின் பிறக்கும். கூடவே தீப்பிடிக்கிற வாயுவும் கொப்புளம் கொப்புளமாக வரும். மோட்டார் ஓடித் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிற வரையில் அதை அடித்துக்கொண்டு போய் ஆகாயத்தில் விட்டுவிடும், யாருக்கும் கெடுதல் இல்லை. மோட்டார் நின்று மெஷின் மட்டும் ஓடினால்தான் எழவு. வாயு கூட்டுக்குள்ளேயே தேங்கும், தண்ணீரைக் கீழே தள்ளும், ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அதனால் மெஷினுக்குத் தனியாகக் கரண்டு கொடுக்கக் கூடாது. மோட்டாரின் டைமரைத் தாண்டி, மோட்டாருக்குப் போகிற கரண்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எந்தக் காரணத்தால் மோட்டார் நின்றாலும் மெஷினும் செத்துப்போக வேண்டும்.

இது ஜெனோவுக்குத் தெரியும். ஜெபசிங்குக்கும் தெரியும்.

பம்ப் ரூமில் முதல் நாள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடுவில் ப்ரீதா கையில் டீக் கிளாஸோடு நின்றாள்.

"மேடம்" என்றான் ஜெனோ, "பேனல் போட்டவுகட்ட ஒரு விஷயம் சொல்லணும். மெஷினுக்கு சப்ளை மோட்டார் டைமருக்குப் பொறவு இருந்து வேணும். மோட்டார் நின்னா இதுவும் நிக்கணும்."

பேனல் போட்டவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். அந்தப் பேச்சில் ஒரு தப்பும் கிடையாது. தனியாக விட்டிருந்தால் ஜெபசிங் அப்படித்தான் செய்திருப்பார், அதற்கென்று பேனலில் இடம் கூட விட்டிருந்தார். ஜெனோ சொல்லிவிட்டான் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இனி அப்படிச் செய்தால் இவன் சொல்லிக் கொடுத்து அவர் செய்ததாக ஆகிவிடும்.

"மேடம்" என்றார், "என் பேனல்ல கண்டவன் ஒயரும் நுழையாது. த்ரீ பேஸ் பேனல், வெளிநாட்டுல வாளி தூக்கிட்டு வந்தவனுக்கெல்லாம் இங்கன வேலையில்லை."

ஜெனோவின் முகம் கறுத்தது. "நுழைய வேண்டாம் மேடம். அவுகளே ரெண்டு ஒயரை வெளிய இழுத்துத் தரட்டும். நான் தொடவே மாட்டேன்."

"எனக்குச் சொன்ன வேலை மோட்டார் மட்டுந்தான் மேடம்" என்று சொல்லி ஜெபசிங் பேனல் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ப்ரீதா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஓட்டல் நிர்வாகம் படித்தவள், ஒயரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். சமாதானமாக, "தனித்தனியா டைமர் வச்சுக்கலாமே அண்ணாச்சி. ரெண்டுலயும் ஒரே நேரத்தை வச்சுட்டா ஒண்ணாத்தானே ஓடும்? சரிதானே?" என்றாள்.

சரியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. சரியில்லை என்று ஜெபசிங் சொன்னால் ஜெனோ கேட்டது நியாயம் என்றாகும். ஜெனோ சொன்னால் மறுபடியும் அந்தப் பூட்டிய கதவிடம் கெஞ்ச வேண்டும். அந்தப் பெண்ணின் கையில் டீ ஆறிக்கொண்டிருக்க, விவரம் தெரிந்த இரண்டு ஆம்பளைகள் தெரியாத ஒருத்தியின் யோசனைக்குத் தலையாட்டினார்கள். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

ஜெனோ தனியாக ஒரு டைமர் வாங்கினான். பக்கத்திலிருந்த ஆபீஸ் அறையின் பின்சுவரில் ஒரு பாயிண்ட் இருந்தது, அதிலிருந்து மெஷினுக்குக் கரண்டு எடுத்தான். அந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, ஊரில் கரண்டு போனாலும் அதில் போகாது என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்த லைனை இழுத்த ஜெபசிங். அவன் சுவரில் கிளிப் அடிப்பதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயில் ஒரு துடுப்பு சுவிட்ச் உண்டல்லவா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தண்ணீர் ஓடினால் அந்தத் துடுப்பைத் தள்ளும், மெஷின் ஓடும். தண்ணீர் நின்றால் துடுப்பு திரும்பி வந்து மெஷினை நிறுத்திவிடும். அவன் மெஷின், அவன் துடுப்பு, அவன் பாடு.

சீசன் வந்தது. சாரல் விழ ஆரம்பித்ததும் கூட்டமும் வந்தது. இரண்டாம் வாரமே மலையில் பெருமழை, எல்லா அருவியிலும் தடை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் சும்மா குளிக்க வருவதில்லை. உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, ஆள் வைத்து அமுக்கி, சீயக்காய்ப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள். எண்ணெய் தேய்த்து முடித்த பிறகு தடை என்றால் எங்கே போவார்கள்? கல்யாணராமனின் குளத்தில் இறங்கினார்கள். குளித்துவிட்டு வாருங்கள் என்று ப்ரீதா போர்டு வைத்தாள், கும்பிட்டுச் சொன்னாள், ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீரின் மேல் எண்ணெய் வண்ண வண்ணமாக மிதந்தது. எண்ணெயும் சீயக்காயும் குழைந்த பசை ஃபில்டரைத் தாண்டிக் குழாய்க்குள் போய், போகிற இடமெல்லாம் ஒட்டியது. மஸ்கட்டில் யாரும் சீயக்காய் தேய்த்துக்கொண்டு குளத்தில் இறங்குவதில்லை. துடுப்பு அப்படி ஒட்டிக்கொள்ளும் என்று ஜெனோவுக்குத் தோன்றாததற்கு அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கூடவே கரண்டும் போய்ப் போய் வந்தது. மோட்டாரின் டைமர் பழைய மாதிரி, கரண்டு போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். ஒவ்வொரு முறை போகும்போதும் அது அவ்வளவு பின்தங்கும். இன்வெர்ட்டரில் இருந்த ஜெனோவின் டைமர் ஒருநாளும் பின்தங்கவில்லை. ஒன்றாகக் கிளம்ப வேண்டிய இரண்டில் மெஷின் முதலில் எழுந்துகொள்ளவும், மோட்டார் வர வரத் தாமதமாக எழவும் ஆரம்பித்தன. முதலில் ஜெபசிங் அவ்வப்போது வந்து முள்ளைத் திருகி நேரத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார். மழையில் லாட்ஜ் லாட்ஜாக மோட்டார்கள் மூழ்கிக் கிடந்ததில் அந்த வாரம் வர முடியவில்லை.

"அண்ணாச்சி, தண்ணி கலங்கலா இருக்கு, காலையில மோட்டார் சத்தமே கேக்கலை" என்று ப்ரீதா போன் பண்ணினாள். கல்யாணராமன் சென்னையிலிருந்து வந்திருந்த நாள். ஜெபசிங் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு எக்ஸெல் வண்டியில் வந்தார்.

பம்ப் ரூமில் மோட்டார் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூட்டுக்குள் தண்ணீர் பாதிக்கு இறங்கி, தகடுகளின் மேல்பாதி வெறுமையில் நின்றது. கீழ்ப்பாதியிலிருந்து கொப்புளங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. துடுப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்தது. ஆபீஸ் பின்சுவரில் அந்தப் பாயிண்டை அணைத்துவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டால் தீர்ந்தது. அதற்காகத்தான் திரும்பினார். வாசலைத் தாண்டி ஓரடி வைக்கவும் செய்தார்.

அங்கே நின்றுவிட்டார். அணைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஜெனோ வருவான், துடுப்பைத் துடைப்பான், மஸ்கட் கதை ஒன்றைச் சொல்லி ஓனரிடம் கைகுலுக்கிவிட்டுப் போவான். அன்றைக்குப் பந்தியில் அவர் தலைகுனிந்தது தலைகுனிந்ததாகவே இருக்கும். இதை இப்படியே ஓனர் கண்ணால் பார்க்கட்டும். நாலு பேர் முன்னால் அவனும் நிற்கட்டும்.

"மேடம்" என்று வெளியே நின்று கூப்பிட்டார், "சாரை ஒருக்கா இங்கன வரச் சொல்லுங்க. மெஷின் போட்டவுகளையும் வரச் சொல்லுங்க. வந்து கண்ணு குளிரப் பாக்கட்டும்."

அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்க ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் போனார்கள். ஒரு பல்பு மாட்டுவதற்கு அவ்வளவு யோசிக்கிற ஆள், வாயு ஏறிக்கொண்டிருக்கிற அறையின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஜெனோ குற்றாலத்திலேயே வேறு வேலையில் இருந்திருக்கிறான். ஓனருக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். ப்ரீதா குடையோடு சித்தப்பாவைக் கூப்பிடப் போயிருந்தாள். வாசலில் நின்ற ஜெபசிங்கை அவன் பார்த்தான். ஜெபசிங் மழையைப் பார்த்தார்.

உள்ளே போன ஜெனோ, மோட்டார் ஓடாததையும் மெஷினில் பச்சை விளக்கு எரிவதையும் கண்டதும் சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "மோட்டாரை இப்பம்தான் நிப்பாட்டி வச்சுட்டு மெஷின் மேல பழியைப் போடுததுக்கு ஓனரைக் கூப்பிட்டிருக்காக. நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு."

மழை இருட்டில் கூட்டுக்குள் சரியாகத் தெரியவில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். கண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இல்லை.

மோட்டாரைக் கிளப்புகிற டைமரின் பல் முள்ளை நெருங்கிக்கொண்டிருந்ததை, சற்று முன்பு பேனலைத் திறந்தபோது ஜெபசிங் பார்த்திருந்தார். எந்த நிமிஷமும் மோட்டார் கிளம்பலாம். கிளம்பினால் தண்ணீர் அடித்துக்கொண்டு ஏறும், தகடுகள் நடுங்கி உரசும், அந்த வாயுவுக்கு ஒரு பொறி போதும். ஏலே ஜெனோ என்று வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருஷமாகச் சொல்லாத பேர், நாக்கில் எழும்பி அங்கேயே நின்றுகொண்டது. முதலில் பேசினவன் தோற்றவன் என்று இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ப்ரீதா இல்லை, யாருமே இல்லை. கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார்.

"சில பேரு மூஞ்சிய உள்ள விட்டுத்தான் பாப்பாக போல. தள்ளி நிக்குதவுகளுக்கு நல்லது."

ஜெனோ திரும்பவில்லை. அது அவனுக்குப் பழகின பேச்சு. எத்தனையோ கல்யாண வீட்டில் கேட்டு, பதில் சொல்லி, நாக்கைத் தீட்டிக்கொண்ட பேச்சு. "எங்க நிக்கணும்னு நிக்கவுகளுக்குத் தெரியும்" என்று தகடுகளைப் பார்த்துச் சொன்னான்.

பேனலுக்குள் டைமர் டக்கென்றது. மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. கூட்டுக்குள் நீலமாக ஒன்று மின்னியதைத்தான் ஜெபசிங் பார்த்தார். சத்தம் அதற்குப் பிறகு வந்தது, ஐந்தருவி ரோட்டில் போன வேன்காரர்கள் டயர் வெடித்ததாக நினைத்து வண்டியை நிறுத்தினார்களாம்.

குழாய் உடைந்து தண்ணீர் பீச்சி அடித்தது. ஜெனோ தரையில் உட்கார்ந்திருந்தான், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு. விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்தது. அப்போதும் ஜெபசிங் முதலில் ஓடியது மெயின் சுவிட்சுக்கும் ஆபீஸ் பின்சுவரின் பாயிண்டுக்கும்தான். லைனை அணைத்துவிட்டுத்தான் ஆளைத் தொட வேண்டும் என்பது அவர் கையில் ஊறிப்போன பழக்கம். அணைத்துவிட்டு வந்து ஈரத்தில் மண்டி போட்டு, "ஏலே ஜெனோ! ஜெனோ! அண்ணன்லே, பாருலே, கையை எடுலே!" என்று கத்தினார். ஒரு தடவை வந்த பிறகு அந்தப் பேர் நிற்கவேயில்லை. ஆனால் வெடிச்சத்தத்தில் ஜெனோவின் காது அடைத்துப் போயிருந்தது. யாரோ தன்னைத் தொடுகிறார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது.

குடைக்குள் ஓடி வந்த கல்யாணராமன் வாசலிலேயே உறைந்து நின்றார். ப்ரீதா அழுதுகொண்டே, "ஒரே நேரம் வச்சா போதும்னு நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இல்லை என்று சொல்ல வேண்டிய ஆள் அவள் பக்கம் பார்க்கவில்லை.

தென்காசியில் முதலுதவி செய்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த டாக்டர், இடது கண் தேறிவிடும், வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று பெர்சிஸிடம் சொன்னார். பெர்சிஸ் அழவில்லை. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரூபி அவள் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஜெபசிங் கொஞ்ச தூரம் தள்ளி, காய்ந்த ரத்தக்கறையோடு நின்றார். பெர்சிஸ்தான் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அத்தான், நீங்க அங்கனதான நின்னீங்க?"

"ஆமா."

"அது வெடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவசரமாக, "சொன்னேன். தள்ளி நிக்கணும்னு நான் சொல்லத்தான் செஞ்சேன்" என்றார்.

ரூபி நிமிர்ந்தாள். "யார்ட்ட சொன்னீங்க?"

அவர் பக்கத்துக் கதவு நிலையைப் பார்த்தார்.

"கேக்கேன்லா? அவன் பேரைச் சொல்லி அவன்ட்ட சொன்னீங்களா?"

ரூபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் அந்த மனுஷனின் வாயைச் சகித்தவள். அவர் கதவைப் பார்த்து நின்றதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்துச் சீட்டோடு வந்துகொண்டிருந்த நர்ஸைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சிஸ்டர்" என்றாள், "இங்கன நிக்குத ஆளை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."